ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர்

என் ருக்மணி அக்காவுக்கு,

மடியில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்து பதினோரு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் நாம். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்? தெருவும் இதைப் படிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

நீ எதனால் போனாய் என்று நேற்று எனக்குத் தெரிந்துவிட்டது, அக்கா.

போன வருஷம் கருட சேவைக் கூட்டம் கலைந்த மறுவாரம் நம் தெருவில் வாந்திபேதி கண்டது. ஆண்கள் வேப்பிலை கட்டினார்கள், வேண்டிக்கொண்டார்கள், ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நீ ஒருத்திதான், தண்ணீரைக் காய்ச்சாமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்றாய். வீட்டுக்கு வீடு விறகு ஏது? நேரே உன் வீட்டுக்காரர் பெரிய மாமாவின் சாயப் பட்டறைக்குப் போனாய். பட்டு வேகவைக்கிற இரண்டு செப்பு அண்டாவையும் கேட்டாய்.

மாமா குதித்தாரே, நினைவிருக்கிறதா? "முகூர்த்த மாசம்டி! பட்டை எதுல வேக வைக்கிறது, உன் தலையிலயா?"

நீ அசையவில்லை. "பட்டு பத்து நாள் காத்துக்கினு இருக்கும். புள்ளைங்க உசுரு காத்துக்கினு இருக்காது."

புளியும் சாம்பலும் போட்டு நாம் மூன்று தடவை தேய்த்தும் முதல் தண்ணீரில் பட்டு வேகவைத்த சோப்பு வாடை போகவில்லை. அதையும் கொட்டிவிட்டு மறுபடி ஏற்றினாய். ஜரிகைக் கடை வீட்டு நூருன்னிசா, இருபது வருஷமாகத் தெருவில் இருந்தும் வாசல் தாண்டாதவள், விறகுக் கட்டோடு வந்து நின்றாள். பஜனைக் கோயில் வாசலில் அண்டா கொதித்தது. வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் நீதான் மொண்டு ஊற்றினாய். பத்து நாளில் தெரு அடங்கியது. பதினோராம் நாள் நீ படுத்தாய்; அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

காய்ச்சின தண்ணீரைத் தவிர வேறு எதையும் தொடாதவள் எப்படிப் படுத்தாள்? இந்தக் கேள்விக்குத் தெருவே ஒரு பதில் வைத்திருந்தது. எல்லார் கஷ்டத்தையும் தன் மேல் வாங்கிக்கொண்டாள் என்றார்கள். நானும் அதை நம்பினேன். நம்புவதற்குச் சுகமாக இருந்தது.

நேற்று சுகாதார நர்ஸ் வந்திருந்தாள். சின்னப் பெண், சைக்கிளில் வருகிறாள். பஜனைக் கோயிலில் பெண்களை உட்காரவைத்து, "போன வருஷம் நீங்களே சமாளிச்சீங்களாமே, எப்படின்னு செஞ்சு காட்டுங்க" என்றாள். உன் இடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு ஒரே பெருமை. ஸ்டவ்வில் தண்ணீர் வைத்தேன், கொதிக்கவிட்டேன், இறக்கினேன். நர்சுக்கே முதல் டம்ளர் என்று மொண்டேன். ஆவி பறந்தது. பக்கத்து வாளியிலிருந்து ஒரு கை தண்ணீரை எடுத்து அதில் விட்டேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "என்னம்மா ஊத்தினீங்க?"

"பச்சத்தண்ணிதான். சூடா இருக்குதேன்னு விளாவினேன்மா."

"காய்ச்சினதுல பச்சத்தண்ணி ஊத்தினா, காய்ச்சினதுக்கு என்ன அர்த்தம்?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். குளிக்க விளாவுவோம், குடிக்க விளாவுவோம், கைக்குழந்தைக்கும் விளாவுவோம். யாராவது அதை ஒரு வேலையாக நினைத்திருப்போமா? சுடச்சுடக் கொடுப்பதுதானே மரியாதைக் குறைவு?

அந்தப் பத்தாம் நாள் சாயங்காலம் அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. அடுப்படியில் வந்து உட்கார்ந்தாய். கையெல்லாம் கொப்புளம். "தொண்ட வறளுது தங்கம், கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றாய். நாக்கு வெந்துவிடுமே என்று, கிணற்று வாளியிலிருந்து ஒரு சொம்பு எடுத்து வெந்நீரில் விளாவி நான்தான் கொடுத்தேன். நீ ஒரே மூச்சில் குடித்தாய். "அப்பாடா, இப்பத்தான் உசுரு வந்துது" என்றாய்.

எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அக்காவுக்கும் இப்படித்தான் கொடுத்தேன் என்று சொன்னேன். பிறகு நூருன்னிசா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "நானும்தான் விளாவினேன்மா, எங்க மாமியாருக்கு" என்றாள். அவள் மாமியாரும் போன வருஷம்தான் போனாள். அப்புறம் இன்னொருத்தி, அப்புறம் இன்னொருத்தி.

"அதனாலதான்னு எப்படிம்மா சொல்ல முடியும்?" என்று நர்ஸ் சமாதானம் சொன்னாள். நல்ல பெண். அந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம், அக்கா.

இன்று காலையில் அடுத்த தெருவில் இரண்டு வீட்டில் வாந்தியாம். பெண்கள் என் வாசலில் வந்து நின்றார்கள். அண்டாவை இந்தத் தடவை யார் கேட்பது? நான்தான் போனேன். அண்டாவைக் கேட்பதற்கு முன்னால் விளாவின கதையைப் பெரிய மாமாவிடம் சொன்னேன். சொல்லாமல் வாங்க எனக்கு மனசு வரவில்லை. அவர் பட்டு நனைக்கிற கழியைச் சுவரில் சாய்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை. "எடுத்துக்கினு போ. ரெண்டையும் எடுத்துக்கினு போ" என்றார்.

இப்போது அண்டா பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கொதித்து இறக்கியாகிவிட்டது. வெள்ளைத் துணி போட்டு மூடியிருக்கிறேன். வரிசையில் நிற்கிறவர்கள், "எவ்ளோ நேரம்மா, தாகமா இருக்குதே" என்று முணுமுணுக்கிறார்கள். பக்கத்தில் வாளி வைக்க நான் யாரையும் விடவில்லை.

அது தானாக ஆறட்டும், அக்கா. யார் என்ன திட்டினாலும், யார் தொண்டை வறண்டாலும், இனி என் கையால் அவசரப்பட்டு ஒருத்தருக்கும் தண்ணீர் கொடுக்க மாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

உனக்குத் தண்ணீர் விளாவிக் கொடுத்த,
உன் ஓரகத்தி
தங்கம்