துளி மிதக்கவில்லை

தலவாக்கலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரேமினிக்கு,

அம்மாவும் நானும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்டு இருபத்து மூன்று நாளாகிறது. போனை நீ எடுக்காததால் கடிதமாக எழுதுகிறேன், கோபம் ஆறிய பிறகு படித்தாலும் போதும். இங்கே மழை விடவில்லை, நம் லயத்து வீட்டுக்கு ஏறும் படி சறுக்குகிறது, முழங்கால் வலியோடும் அம்மா தோட்டத்தில் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஒரு நாளும் பிந்தவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் உங்கள் ஆய்வுக்கூடத்தில், கடுங்குளிரில் திரவமாக்கிய ஹீலியத்தின் ஒரு துளியைப் பெரிய காந்தம் விழாமல் தாங்கியது, விண்வெளியில் எடையில்லாமல் இருப்பதுபோல அது மிதந்தது என்று போன மாதம் ஒரு நாள் போனில் சொன்னாய். மறுபடி செய்து பார்க்கணும், அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா என்றும் சொன்னாய். மண்சரிவில் இறந்தவர் தொகையை இரண்டு பேரிடம் கேட்காமல் முப்பது வருட நிருபர் வேலையில் ஒரு தடவைகூட எழுதாத நான், உன் செய்தியை அன்று மாலையே பத்திரிகைக்கு அனுப்பினேன். சொன்னது மகள் என்பதால் இரண்டாவது ஆளைத் தேடத் தோன்றவில்லை. மறுவாரம்தான் அது துளியே இல்லை, கண்ணாடியில் உறைந்து ஒட்டியிருந்த காற்றுத் துணுக்கு என்று தெரிந்தது. அதற்குள் நான் எழுதியது இணையத்தில் கைமாறி உன் பேராசிரியர் வரைக்கும் போய், உறுதியாகாததை ஊருக்குச் சொன்னவள் என்ற பெயர் உனக்கு வந்துவிட்டது. அழுதுகொண்டே நீ அதைச் சொன்னதுதான் நான் கடைசியாகக் கேட்ட உன் குரல்.

ஊரில் நீ இன்னும் பெரிய ஆள்தான். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நாகலெட்சுமி அக்கா அம்மாவிடம், எடையக் கொறைக்க ஒங்க புள்ள ஜப்பானுக்குப் போகணுமா ஜீவா, நம்ம கண்டாக்கையா தெனமும் தராசுல செஞ்சு காட்டுறாரே என்றாராம். தராசைப் பிடித்து நின்ற கண்டாக்கையாவே சிரித்துவிட்டாராம். அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, ஊர்ல உள்ளவங்க தப்பையெல்லாம் எழுதுறீங்க, ஒங்க தப்ப எழுத மட்டும் கை வரலையா என்று கேட்டாள். அன்றைக்கே பத்திரிகை ஆசிரியருக்குப் போன் செய்து திருத்தம் போடச் சொன்னேன். இதையெல்லாம் யாருங்க பாக்கப்போறாங்க, விடுங்க என்றார். நான் விடவில்லை. மூன்றாவது தடவை சம்மதித்தார். நேற்று வந்தது, ஐந்தே வரி: துளி மிதந்ததாக எழுதியது பிழை, சொல்ல வேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்டும் நிருபர் எழுதினார், தவறு நிருபருடையது. கீழே என் பெயர். அந்தத் துண்டை இதோடு வைத்திருக்கிறேன்.

இதையே ஆங்கிலத்தில் எழுதி உன் பேராசிரியருக்கும் ஒரு கடிதம் எடுத்து வைத்திருக்கிறேன். முத்திரை ஒட்டியாயிற்று. ஆனால் உன்னைக் கேட்காமல் தபாலில் போட மாட்டேன். போடுங்க என்றாலும் சரி, கிழிச்சிருங்க என்றாலும் சரி, நீ சொல்கிறபடி செய்வேன்.

குளிர்க் குடுவையைத் தொடும்போது கையுறை போட மறக்க வேண்டாமாம், அம்மா எழுதச் சொன்னாள். உன் கைக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க நாங்கள் இரண்டு பேரும் வேண்டிக்கொள்கிறோம். துளி மிதந்தாலும் மிதக்காவிட்டாலும் எனக்குச் சொல், மகளே. அப்பாவுக்கு மட்டும் சொல்.

உன் அப்பா,
அழகன்