நாலாம் தொட்டித் தண்ணீர்

பள்ளி மைதான முகாம்
ஜூன் 4

என் அன்பு லேப்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நம் வாலுப் பெண்ணும் எப்படி இருக்கிறீர்கள்? நிலநடுக்கத்தில் விழுந்த செல்போன் கோபுரம் இன்னும் எழுந்திருக்கவில்லை. அதனால் தினமும் உங்கள் ஆய்வகத்துக்குச் சோதனைத் தண்ணீர்ப் பாட்டில் கொண்டு வரும் வண்டியிலேயே என் கடிதமும் வரும். டிரைவரிடம் சொல்லிவிட்டேன்.

இருநூறு கூடாரம், ஆறு தண்ணீர்த் தொட்டி. யாருக்கு வயிற்றுப்போக்கு, யாருக்குக் காய்ச்சல் என்று காலையில் கூடாரம் கூடாரமாகப் போய்க் கணக்கெடுப்பது என் வேலை. தொட்டிகளுக்கு மருந்து போடுகிறவரை எல்லோரும் குளோரின்காரர் என்கிறார்கள். நல்ல வாய். "தண்ணி நாறுதுன்னு திட்டினாங்கன்னா நான் ஒழுங்கா வேலை பாக்கிறேன்னு அர்த்தம் சிஸ்டர்" என்பார். என் கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டிக் கொடுத்தது அவர்தான். பாட்டில்களுக்குச் சீட்டு எழுதி ஒட்டுவதும் அவர்தான்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
நர்சம்மா

ஜூன் 5

அன்புள்ள நர்சம்மாவுக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். குளோரின்காரர் நாலு இடத்தில் வருகிறார். நான் ஒரே இடத்தில் வருகிறேன், அதுவும் சாப்பாட்டுக்காக.

இருநூறு கூடாரம் இருக்கிறது என்கிறாய். அந்த மனுஷனுக்கு இழுத்துக் கட்ட உன் கயிறுதான் கிடைத்ததா? சீட்டுகளையும் பார்த்தேன். குண்டு குண்டாக, கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதியிருக்கிறார். தண்ணீர்ப் பாட்டிலுக்கு எதற்கு இந்த அலங்காரம்? டிரைவர் வேறு, "சார், அண்ணியும் குளோரின்காரரும் சேர்ந்தா ஒரே சிரிப்புதான், எங்களுக்கும் அலுப்பு தெரியல" என்று என் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டிவிட்டுப் போனான். நம் வீட்டில் நீ சிரித்து நான் கேட்டு எத்தனை நாளாகிறது?

உன் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. "அம்மா வந்து பாக்கிற வரைக்கும் புதுப் பல் முளைக்கக் கூடாது" என்று கண்ணாடி முன்னால் நின்று பல்லிடமே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உன்
லேப்காரன்

முகாம்
ஜூன் 8, காலை

அன்புள்ள பொறாமைக்காரருக்கு,

படித்துச் சிரித்தேன். கொஞ்சம் கோபமும் வந்தது. குளோரின்காரரைப் பற்றி எழுதக் கூடாது என்றால் இங்கே தண்ணீரைப் பற்றியே எழுத முடியாது. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். நான் பேசினால் அவர் காது கொடுத்துக் கேட்கிறார். பதினோரு வருஷத்தில் எனக்கு அந்தப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் நீங்களாக எதையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது வேலை. நேற்று மறுபடியும் நிலம் ஆடியது. நாலாம் தொட்டிக்கு வரும் குழாய் கழிப்பறைப் பக்கம் விரிசல் விட்டிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. மருந்துப் பவுடர் இரண்டு தொட்டிக்குத்தான் மிச்சம், அடுத்த லாரி வர நாலைந்து நாளாகும். அதில் பாதியை இப்போதே நாலாம் தொட்டியில் போட்டுவிடலாம் என்றார் குளோரின்காரர். நான்தான் தடுத்தேன். "எங்க வீட்டுக்காரர் நாளைக்கே ரிசல்ட் அனுப்பிடுவார். அவர் எந்தத் தொட்டின்னு சொல்றாரோ அதுல போடுவோம்" என்றேன். அதுவரை காய்ச்சிக் குடிக்கச் சொல்லியிருக்கிறோம். ஆனால் அடுப்பெரிக்க விறகுக்கு எங்கே போவார்கள்?

காலை ஏழேகாலுக்கு, என் கண் முன்னால் அந்தப் பாட்டிலை நிரப்பினார். அதை முதலில் பாருங்கள்.

உங்கள்
நர்சம்மா

ஜூன் 9

நர்சம்மாவுக்கு,

நாலாம் தொட்டிப் பாட்டில் நிராகரிக்கப்பட்டது. தண்ணீர் பிடித்த நேரம் சீட்டில் இல்லை. நேரம் தெரியாத தண்ணீரைச் சோதிக்கக் கூடாது என்பது விதி. உனக்கும் தெரியும்.

அத்தனை அழகாக எழுதுகிறவருக்கு மணியை எழுத மட்டும் எப்படி மறந்தது? பேச்சு சுவாரசியமாக இருந்திருக்கும். மற்ற ஐந்தும் சுத்தம். நாலாம் தொட்டிக்குப் புதுப் பாட்டில் வேண்டும். காது கொடுத்துக் கேட்கிறவரிடமே சொல்.

லேப்காரன்

முகாம்
ஜூன் 12

உங்களுக்கு,

நீங்கள் கேட்டபடி பத்தாம் தேதி புதுப் பாட்டில் அனுப்பினோம். கிருமி இருக்கிறது என்ற முடிவு நேற்று வந்தது. வந்தவுடன் தொட்டியை மூடினோம். அதற்குள் ஐம்பத்துமூன்று பேர் படுத்துவிட்டார்கள். வகுப்பறை பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு வரிசையாக சலைன் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். ஒன்பதாம் கூடாரத்துப் பிள்ளை, இரண்டு வயது, இன்று காலை போய்விட்டான். "தினமும் வந்து கணக்கெடுத்துட்டுத்தானே போனீங்க சிஸ்டர்" என்று கேட்டாள் அவன் அம்மா. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சீட்டில் நேரம் இல்லை, சரி. அது குளோரின்காரர் செய்த தப்பு. தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். உங்கள் முடிவு வரட்டும் என்று கடைசி வரை பவுடரைப் போட விடாமல் தடுத்தது நான் செய்த தப்பு. ஆனால் நேரம் என் கடிதத்தில் இருந்ததே! பாட்டிலும் கடிதமும் ஒரே பெட்டியில்தானே வந்தன? படிக்கவில்லை என்று சொல்லாதீர்கள். காது கொடுப்பதைப் பற்றி நான் எழுதியதை எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

ஏன் செய்தீர்கள்? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஜூன் 13

என் அன்பு நர்சம்மா,

ஏழேகால் என்பதைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் செய்தேன்.

பாட்டிலைக் கையில் எடுத்ததும் அந்தக் குண்டு எழுத்து கண்ணில் பட்டது. அவரை ஒரு தடவையாவது உன் முன்னால் முட்டாளாக்க வேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷ வேலையில் நேரம் எழுதாத பாட்டில் எத்தனையோ வந்திருக்கிறது. டிரைவரைக் கேட்டு நானே எழுதிச் சோதித்திருக்கிறேன். அன்று யாரையும் கேட்கவில்லை. தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன். திருப்தியாகக்கூட இருந்தது.

இன்னும் ஒன்று. பிள்ளை இறந்ததைப் படித்த பிறகும், அந்த நேரத்தில் அவர் உன் பக்கத்தில் இருந்தாரா என்று அடுத்த வரியில் தேடினேன். இவ்வளவுதான் நான். எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

தலைமை அதிகாரியிடம் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். "விதிப்படிதானே பண்ணியிருக்கீங்க, எதுக்கு நீங்களா போய் மாட்டிக்கிறீங்க?" என்றார். விசாரணை வரும். வேறு ஆள் இல்லாததால் அதுவரை நான்தான் இங்கே.

நீ எப்போது வருகிறாய்? திட்டுவதற்காவது வா.

உன்
லேப்காரன்

ஜூன் 15

அனுப்புநர்: செவிலியர், பள்ளி மைதான முகாம்
பெறுநர்: நுட்பனர், தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகம்

ஐயா,

இத்துடன் ஐந்து பாட்டில்கள் அனுப்பப்படுகின்றன. தண்ணீர் பிடித்த நேரம்: முதல் தொட்டி 6.40, இரண்டாம் தொட்டி 6.48, மூன்றாம் தொட்டி 6.55, ஐந்தாம் தொட்டி 7.05, ஆறாம் தொட்டி 7.12. சீட்டுகளை நானே எழுதியுள்ளேன்.

முடிவுகளை ஆய்வகப் படிவத்தில் மட்டும் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டியில் வேறு தாள் எதுவும் வைக்க வேண்டாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை என் அக்கா வந்து என் மகளை அழைத்துச் செல்வார். அவளுடைய துணிகளையும் பள்ளிப் பையையும் எடுத்து வைத்திருக்கவும்.

இப்படிக்கு,
செவிலியர்