இடப்பக்கம் மட்டும் திரும்பும் தீயணைப்பு வண்டி

6 ஜூன் 94, திங்கள்

காலையிலிருந்து மேற்குக் காற்று, சாரல். கொடியில் போட்ட துணி எதுவும் காயவில்லை.

ஆஸ்பத்திரி. என் வீட்டுக்காரரின் கைக்கட்டுகளை முழுதாக எடுத்துவிட்டார்கள். தோல் இளஞ்சிவப்பாக, மெழுகு உருகி உறைந்த மாதிரி. விரல்கள் பாதி மடங்கியபடி. நான் பார்த்தேன். அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயிற்சி சொல்லித்தரும் அம்மா: "வெரலை அழுத்தி அழுத்திப் பழக்கோணுங்க. உட்டீங்கன்னா இப்படியே நின்னுரும்." ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். இவர் அதை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினார். மறந்தாரா, வேண்டுமென்றா, கேட்கவில்லை.

சாயங்காலம் குழாயடி. கமலா என்னைக் கண்டதும் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மில் கொடுத்த லைன் வீடுகளில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவள் வீடு. பஞ்சு குடோன் பற்றி எரிந்த அன்று அவள் புருஷன் பழனிச்சாமி உள்ளே தண்ணீர் அடிக்கும் ஓஸைப் பிடித்து நின்றார். என் வீட்டுக்காரர் வெளியே, மில் தீயணைப்பு வண்டியில் பம்பை ஓட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் நின்றுவிட்டது. இவர் உள்ளே ஓடி அவரை இழுத்து வந்தார். இவருக்குக் கை போனது. அவருக்கு உயிர்.

தண்ணீர் ஏன் நின்றது என்று இவர் இதுவரை வாய் திறக்கவில்லை.

9 ஜூன், வியாழன்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. வித்யா நாலாம் வகுப்பு. யூனிபார்ம் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. மடிப்பைப் பிரித்து விட வேண்டும்.

மதியம் சோறு ஊட்டப் போனேன். அறைக்குள் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் வித்யாவின் பிளாஸ்டிக் கட்டைகள், அண்ணன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது. ஒன்றன்மேல் ஒன்றை வைத்து உள்ளங்கையால் அழுத்துகிறார். பொருந்தும்போது ‘டக்' என்று ஒரு சத்தம். அப்போதெல்லாம் முகம் சுளிக்கிறது. விரல் மடிப்பில் ரத்தம் கசிந்திருந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"வண்டி."

இவ்வளவு நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

12 ஜூன், ஞாயிறு

சிவப்புக் கட்டை போதவில்லை. பின்பக்கம் நீலமும் மஞ்சளும். வித்யாவுக்குப் பிடிக்கவில்லை. "அப்பா, தீயணைப்பு வண்டின்னா சிவப்பாத்தான இருக்கோணும்?"

"தண்ணி அடிச்சாப் போதும் கண்ணு."

அவளுடைய ரிமோட் கார் உடைந்து பரண்மேல் கிடந்தது. கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு உக்கடம், பழைய சாமான் கடைகள். பஸ்ஸில் எல்லோரும் அவர் கையையே பார்த்தார்கள். ஒரு பெண் குழந்தையின் முகத்தைத் திருப்பினாள்.

வண்டிக்கு என்று வீட்டில் சேர்ந்திருப்பவை:
டேப்ரெக்கார்டர் மோட்டார்
பிலிம் ரோல் டப்பா (இதுதான் பம்பாம்)
குளுக்கோஸ் ஏற்றிய டியூப், அவருக்கு ஏற்றியதே, நான் எதற்கோ எடுத்து வைத்திருந்தது
இருமல் மருந்து பாட்டில்
பேனா ரீபில்

நான்தான் அவருக்கு விரல். அவர் சொல்ல நான் வயரைச் சீவுகிறேன், சாலிடர் வைக்கிறேன். ஊரார் தைக்கக் கொடுத்த ரவிக்கைத் துணி எல்லாம் அப்படியே கிடக்கிறது.

15 ஜூன், புதன்

வண்டி ஓடுகிறது! முன்னால், பின்னால், இடப்பக்கம். வலப்பக்கம் திரும்பாது. அந்த பட்டனைத்தான் பம்புக்குக் கொடுத்துவிட்டார். வலப்பக்கம் போக வேண்டுமென்றால் இடப்பக்கமாகவே முக்கால் வட்டம் சுற்றி வர வேண்டும். வித்யா சிரித்துச் சிரித்துப் புரண்டாள். அவரும் சிரித்தாரோ என்று எனக்குச் சந்தேகம்.

சாயங்காலம் மில்லின் லேபர் ஆபீசர் வந்தார், சாத்துக்குடிப் பையோடு. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"அடுத்த வாரம் விசாரணை வருதுங்க தேவராஜ். பேக்டரி இன்ஸ்பெக்டர் வாராரு. பெருசா ஒண்ணும் வேண்டாம். தண்ணி நல்லா வந்துட்டுதான் இருந்துச்சு, பழனிச்சாமிதான் சொன்னாக் கேக்காம உள்ள ரொம்பத் தூரம் போயிட்டாருன்னு சொல்லுங்க. உங்களுக்கு டைம் ஆபீசுல உக்காந்த வேலை. ஊடும் இதே ஊடு."

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க அம்மணி."

ஆபீசர் போன பிறகு நான் சொன்னேன். சொல்லக் கூடாதுதான். "செத்தவரு திரும்பியா வரப்போறாரு? சொல்லிப்போடுங்களேன். நமக்குன்னு ஒரு கூரை இருக்குமில்லீங்க."

அவர் கட்டையை எடுத்து அழுத்தினார். டக்.

18 ஜூன், சனி

சாரல் நிற்கவில்லை. அரிசியில் வண்டு.

பம்பை ஓட்டிப் பார்த்தோம். ரீபில் முனையிலிருந்து தண்ணீர் ஒரு முழத்துக்குப் பீச்சியது. வித்யா கை தட்டினாள். அப்புறம் தண்ணீர் நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் கிர்ர் என்று சுற்றியது. பாட்டிலில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. வண்டியைத் தள்ளிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வித்யாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

பிறகுதான் சொன்னார். என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்து.

"இதே சத்தந்தான். வண்டில இருந்த தண்ணி தீந்து தொட்டில இருந்து உறிஞ்சிட்டிருந்தேன். உறிஞ்சற ஓஸ் மூட்டுல ரப்பர் வாசர் கிழிஞ்சிருந்துச்சு. ரெண்டு தடவை சொல்லிப்போட்டேன், மாத்திக் குடுங்கன்னு. பஞ்சு சீசன் முடியட்டும்னாங்க. அதுவழியாக் காத்து உள்ள போயிருச்சு. காத்து புடிச்சா எஞ்சின் ஓடும், தண்ணி ஏறாது. தொட்டி நெறையத் தண்ணி, சரோஜா. நெறைய. நான் திரும்பத் திரும்ப எஞ்சின ரேஸ் பண்றேன், அவன் உள்ள இருந்து கத்தறான்."

காலால் வண்டியை என் பக்கம் நகர்த்தினார்.

பாட்டிலிலிருந்து உறிஞ்சும் டியூப்பைத் தடவிப் பார்த்தேன். பழைய ஊசி ஓட்டை ஒன்று. செலோடேப் சுற்றினேன். தண்ணீர் வந்தது.

21 ஜூன், செவ்வாய்

கமலா வந்தாள். கூப்பிடாமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றாள். இளைத்துப்போயிருந்தாள்.

"ஏனுங்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க பயந்து பம்ப நிறுத்திப்போட்டு ஓடீட்டீங்கன்னு லைன்ல பேசிக்கறாங்க. ஆபீசர் என்னன்னா, என்ற ஊட்டுக்காரருதான் சொன்ன பேச்சுக் கேக்கலைங்கறாரு. எதுங்க நெசம்?"

இவர் எழுந்தார். வண்டியை எடுத்துவரச் சொன்னார். அவள் முன்னால் வைத்தேன். கமலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொம்மையக் காட்டறீங்களா எனக்கு?"

"பாரு அம்மணி. பாத்துப்போட்டுப் பேசு."

ரிமோட்டைக் கட்டைவிரலால் அமுக்கினார். தண்ணீர் அடித்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் செலோடேப்பைப் பிரித்தேன். தண்ணீர் திக்கித் திக்கி வந்து நின்றது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் விரலை எடுக்கவில்லை.

"நான் நிறுத்துல. இப்படித்தான் ஆச்சு. வாசர் கிழிஞ்சிருந்துச்சு. அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

கமலா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் நின்ற அந்த முனையை விரலால் தொட்டாள்.

"அப்ப, தண்ணி இந்தா வந்துரும், இந்தா வந்துரும்னு நெனைச்சுட்டே நின்னிருப்பாருங்ணா."

நான் உள்ளே போய்விட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை. சும்மா நின்றேன்.

போகும்போது கேட்டாள்: "இதைய அங்க வந்து சொல்லுவீங்களா?" அவர் தலையாட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். என்னையும்தான் கேட்டாள் என்று தெரிந்தது. குனிந்து தண்ணீரைத் துடைத்தேன்.

23 ஜூன், வியாழன்

விசாரணை, மில் ஆபீஸ் மாடியில். வண்டியைக் கூடையில் வைத்து நான்தான் தூக்கிப் போனேன், அவரால் பிடிக்க முடியாது. அதனால் என்னையும் உள்ளே விட்டார்கள். கமலா ஓரமாக, அவள் தம்பியோடு.

தண்ணீர் இருந்ததா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இருந்துச்சுங்க. வரலீங்க."

லேபர் ஆபீசர் வேகமாக ஏதோ சொல்ல வந்தார். இவர் வண்டியைத் தரையில் வைக்கச் சொன்னார். ஆபீசர்: "பொம்மை வெச்சு வெளையாடற எடமாய்யா இது?" இரண்டு பேர் சிரித்தார்கள்.

இவர் பட்டனை அமுக்க, தண்ணீர் மேஜைக்காலை நனைத்தது. டேப்பைப் பிரித்தேன். மோட்டார் சத்தம் மட்டும். யாரும் சிரிக்கவில்லை இப்போது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து குந்தி உட்கார்ந்தார். "இன்னொரு தடவை காட்டுங்க."

காட்டினோம். வாசரைப் பற்றி யாரிடம், எங்கே வைத்துச் சொன்னார் என்று கேட்டார். இவர் சொன்னார், லேபர் ஆபீசர் பேரையும் சேர்த்து. முகத்துக்கு நேராக.

திரும்பி வரும்போது லைனில் யாரும் எங்களோடு பேசவில்லை. திண்டாடப் போகிறோம் என்று எனக்குப் பயம். ஆனாலும் அவர் சாதத்தைத் தானே பிசைந்து சாப்பிட்டார். பாதி சிந்தியது.

4 ஜூலை, திங்கள்

வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தாயிற்று. வேலை செய்ய உடல்தகுதி இல்லையாம், அதனால் வேலை இல்லை, அதனால் வீடு இல்லை. கிணத்துக்கடவில் அண்ணன் வீட்டுப் பின்கட்டு காலியாக இருக்கிறது. அண்ணி என்ன சொல்வாளோ.

வித்யாவுக்கு டி.சி. வாங்க வேண்டும். மூணு ரவிக்கை பாக்கி, அதில் ஒன்றுக்கு அளவு தொலைந்துவிட்டது.

அவருக்கு இப்போது ஆள்காட்டி விரல் கொஞ்சம் நிமிர்கிறது.

24 ஜூலை, ஞாயிறு

சாரல் விட்டு வெயில். டெம்போ ஏழு மணிக்கே வந்துவிட்டது. சாமான் ஏற்ற லைன் ஆட்கள் யாரும் வரவில்லை. கமலா மட்டும் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பீரோவை அவர்கள்தான் தூக்கினார்கள். அவள் புருஷன் மேல் தப்பில்லை என்று இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டாராம், சேர வேண்டியதைக் கொடுக்கச் சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போதும் அவள் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏறி உட்கார்ந்தாயிற்று. அப்போது ஒரு ஆள் ஓடி வந்தார். காக்கிச் சட்டை. மில் தீயணைப்பு வண்டிக்குப் புதிதாகச் சேர்ந்த டிரைவர். ஆபீஸ் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"தேவராஜண்ணன் நீங்கதானுங்களா? காலைல ஓட்டிப் பாத்தேனுங்ணா. தண்ணி ஏற மாட்டீங்குது. புது வாசர் கேட்டா, வரும் வரும்ங்கறாங்க. இன்னிக்குப் பஞ்சு லோடு எறங்குதுங்க. இப்போதைக்கு என்னத்த வெச்சுக் கட்டறதுங்ணா?"

டெம்போக்காரன் ஆரன் அடித்தான். இவர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"பழைய லாரி டியூப் கெடைக்குமா?"

"வண்டி செட்டுல கெடக்குதுங்ணா."

இறங்கினார். டியூப்பை வாசர் அளவுக்கு வெட்ட என்னிடம் கத்திரிக்கோல் கேட்டார். தையல் சாமான் மூட்டை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. பாத்திரக் கூடையை இறக்கினேன், மெத்தையை இறக்கினேன், மூட்டையை அவிழ்த்தேன்.