பலகைச் சுவரில் எண்ணெய்க் கறை

செவ்வாய்க்கிழமை, இரவு

மரப்பலகை அடித்த சுவரில், தரையில் உட்கார்ந்தால் தலை சாயும் உயரத்தில், ஒரு எண்ணெய்க் கறை இருந்தது. முதலில் அதைத்தான் பார்த்தேன்.

அம்மா தினமும் சமைக்கப் போய்வரும் பழைய பங்களா அது. நாளையிலிருந்து நான் அங்கேயே தங்கி வேலை செய்ய வேண்டுமாம், பேசி முடித்துவிட்டாள். எனக்குக் காட்டிய அறையில் நான்கு சுவரிலும் கூரை வரை தேக்குப் பலகை. பேசினால் சத்தம் உள்ளேயே அமுங்கிவிடுகிறது.

கறையைத் தொட்டு முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய். அந்த வீட்டில் கடுகெண்ணெய்தான் தேய்க்கிறார்கள். இந்த வடநாட்டுக் குளிரில் எங்கள் வீட்டுப் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. இது உருகி, வெதுவெதுப்பாக விரலில் ஒட்டியது.

அறை வாசலில் நின்ற வீட்டுக்கார மேடம் தானாகவே சொன்னார்: "இஸ் கம்ரே மே கோயீ நஹீன் ரஹா, பேட்டி." இந்த அறையில் யாருமே இருந்ததில்லையாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சிரித்தாள்.

"தனி ரூமு, ஹீட்டர் வேற. பலகை என்ன கடிச்சா வைக்கும்? ஜல்தி துணிய எடுத்து வைடி."

எடுத்து வைத்தேன். அம்மாவிடம் எதற்கும் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை.

இப்போது அவள் தூங்குகிறாள். பையைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக மறுபடியும் கொடியில் போட்டேன்.