நீ அடுக்கிவைத்த ஹெட்டர்கள்

இன்று காலை ஒரு மின்னஞ்சல் வந்தது. எந்த ஊர்க்காரரோ தெரியாது. "இந்த மென்பொருள் நூலகத்தின் ஹெட்டர் கோப்புகளை இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்தவருக்கு நன்றி" என்று எழுதியிருந்தார். பிரித்து வைத்தது நீ. நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. உன் பேக்கேஜை இப்போது கவனிப்பவன் நான் என்பதால், நன்றி என் முகவரிக்கு வருகிறது. படித்ததும் வயிறு எரிந்தது. செத்தவன்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன்.

வாரமெல்லாம் எண்ணூர் சாலையில், ஒரே கண்டெய்னர் கிடங்கின் அலுவலகத்தில் இருவருக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ராயபுரத்திலிருந்து நேரே டோல்கேட்டுக்கு, உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஓர் இயங்குதளத்துக்கு இருவரும் மென்பொருள்களைப் பேக்கேஜ் செய்து, அதாவது எவரும் எளிதாக நிறுவிக்கொள்ளும்படி கட்டிக்கொடுத்தோம். சம்பளம் கிடையாது. பெயர் மட்டும்தான். அந்தப் பெயர்தான் எனக்கு வேண்டியிருந்தது.

படங்களைத் திறக்கும் அந்த நூலகத்துக்குப் புதிய பதிப்பு வந்தது. அதில் என்னென்ன வசதிகள் உண்டு என்று மற்ற நிரல்களுக்குச் சொல்பவை ஹெட்டர்கள். பழையதிலும் புதியதிலும் அவற்றுக்கு ஒரே பெயர்கள். ஒன்றை நிறுவினால் மற்றது அழிந்தது. பல நிரல்களுக்கோ பழையதும் வேண்டும். நான் வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்புக்கும் பெயர் மாற்றி, அந்த இயங்குதளத்தை நடத்தும் குழுவுக்கு அனுப்பினேன். நீ நெத்திலி வறுவலை மென்றபடியே திரையைப் பார்த்தாய்.

"பேரை இன்னாத்துக்கு மாத்தினுகீற மாமு? பதிப்புக்கு ஒரு ஃபோல்டர் போடு. வூடு வேறன்னா, ஒரே பேர்ல ரெண்டு பேரு இருந்தா இன்னா தப்பு?"

குழு உன் வழியை ஏற்று, அந்த நூலகத்தின் பேக்கேஜை உன் பொறுப்பில் விட்டது. அன்று பஸ் ஏறப் பிடிக்காமல் ராயபுரம்வரை நடந்தே போனேன்.

சிறுநீரகம் பழுதாகி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "என் பேக்கேஜை நீ பாத்துக்கோ" என்றாய்.

"உன்னைத் தலைமேல தூக்கி வெச்சி ஆடறவங்க அத்தினி பேர் கீறாங்க. நான் எதுக்கு?"

"அவுங்கள்லாம் என்னை நம்பிடுவாங்க. நீ பொறாமை புட்சவன். தப்பு கீதான்னு ஒவ்வொரு வரியா பாப்ப."

பக்கத்தில் நின்ற உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் இத்தனை காலம் மறைத்தது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

அந்த மின்னஞ்சலை மூடியதும், நீ சொன்னபடியே ஒவ்வொரு வரியாகப் பார்க்க உட்கார்ந்தேன். மதியத்துக்குள் ஒன்று சிக்கியது! நூலகத்தின் உள்வேலைக்கு மட்டுமான ஹெட்டர் ஒன்றை, வெளியார் எடுக்கும் ஃபோல்டரில் வைத்திருந்தாய். வாய்விட்டுச் சிரித்தேன். உனக்குச் சொல்ல ஃபோனைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம் கீழே வைத்துவிட்டு, அந்த ஹெட்டரை நீக்கி எல்லாவற்றையும் சோதித்தேன். யாரும் கண்டுகொள்ளாத ஒரு சின்னப் பழைய நிரல் அந்த ஹெட்டர் இல்லாமல் நின்றுபோனது. அதற்காகத்தான் தெரிந்தே அதை அங்கே விட்டிருக்கிறாய்.

இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஒரு தப்பாவது கண்டுபிடிக்காமல் நீ போன இடத்துக்கு நான் வருவதாக இல்லை, மாமு.