பத்து நிமிடம் நின்றவளுக்கு

அக்கா,

நீளமான மணி அடித்து அரை மணி நேரம் ஆகிறது. என் காதுக்குள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே உன் மகள் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை எழுதுகிறாள். வெளியே நான் பள்ளிக்கூடத்து மதிலைச் சுற்றிச் சுற்றி நடந்தே காசிக்குப் போய்த் திரும்பிவிட்டேன். "மாமா, வூட்டுக்குப் போங்க. உங்களப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சாதாரணமாக உள்ளே போனாள். நீ கண்ணை மூடி இரண்டு வருடம். வாயை மட்டும் இவளிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

டீக்கடைக்காரர் மூன்று முறை "கூத்கொள்ளி சார்" என்று ஸ்டூலைத் தள்ளினார். உட்கார முடியவில்லை. மதில் மேல் நோட்டை வைத்து, நின்றபடியே உனக்கு எழுதுகிறேன்.

என் பயம் உனக்குத் தெரியும். மனித குலத்தில் யாரும் எதற்கும் அப்படிப் பயந்ததில்லை. சாமுண்டி மலைப் படிகளை ஒற்றைக் காலில் ஏறச் சொன்னால் ஏறியிருப்பேன். சமன்பாடு என்றால் நம் மைசூர் மண்டி மொஹல்லாவின் எந்தச் சந்தில் ஒளியலாம் என்று தேடுவேன். பரீட்சை நாளில் எனக்கு ஊற்றிய வியர்வையில் கண்ணம்பாடி அணை நிரம்பி வழிந்தது. இரண்டு முறை தோற்றேன். மூன்றாவது முறையும் தோற்றால் படிப்பு முடிந்தது, குண்டலுபேட்டையில் பெரியப்பாவின் தக்காளி மண்டிதான் என்று அப்பா தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

உனக்கும் கணக்கு வராது, அதுதான் வேடிக்கை. பத்தாவதில் அந்த ஒரு பாடத்தை விட்டுவிட்டு ஊதுபத்தி கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தவள், நர்ஸ் படிப்பில் சேர வேண்டும் என்று என்னோடு மறுபடி பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டாய். அதற்குள் உன்னை ஏழு வீட்டார் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நமக்குக் கணக்கின் கதவைத் திறந்தவர்கள் அவர்கள்தான்.

"பொண்ணு பாக்க வர்றவங்க மாதிரிதான்டா இதும். இருக்கறதையெல்லாம் பெருமையாச் சொல்லுவாங்க. எதச் சொல்லலையோ அதத்தான் நாம கேக்கோணும்" என்றாய்.

ஒரு தோட்டம், நீளம் அகலத்தைவிட ஏழு மீட்டர் அதிகம், சுற்றளவு இவ்வளவு. புத்தகத்தை முறைத்தாய். "நீளம், சுத்தளவு எல்லாம் பேசறான், அகலத்த மட்டும் முழுங்கறான் பாரு. அங்கதான் கோளாறு. அந்த அகலத்துக்கு எக்ஸுன்னு பேரு வெச்சு, கூப்புட்டு விசாரி!"

கன்னடத்தில் இருந்த கணக்கை நீ தமிழில் திட்டினாய். நானும் திட்டினேன். ஒரு மாதத்தில் அந்தப் புத்தகத்தில் நம்மிடம் வசவு வாங்காத பக்கமே இல்லை.

ஆனால் பரீட்சை அறையில் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. வினாத்தாளில் எறும்புகள் ஓடின. ஓடிவிடலாம் என்று எழுந்தேன். பெஞ்சு கிறீச்சிட்டது. முன் வரிசையில் இருந்த நீ திரும்பி, அறை அதிரச் சொன்னாய்:

"உக்கார்றா! எந்திரிச்சுப் போனியோ, கால ஒடச்சுருவேன்!"

"யாரம்மா அது மாத்தாடோது?" என்று, பேசியது யாரென்று அதட்டிக்கொண்டே மேற்பார்வையாளர் பாய்ந்து வந்தார். உன் விடைத்தாளைப் பிடுங்கி மேசையில் வைத்து, பத்து நிமிடம் உன்னைச் சுவரோரம் நிற்கவைத்தார்.

நான் உட்கார்ந்தேன். தலையைக் குனிந்து முதல் கணக்கை மனதுக்குள் திட்ட ஆரம்பித்தேன். எக்ஸ் வந்தான். அடுத்ததிலும் வந்தான். பேனா பறந்தது, சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. நான் நிமிர்ந்தபோது நீ உன் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தாய்.

எனக்கு முப்பத்தெட்டு. உனக்கு முப்பத்து மூன்று. இரண்டு மதிப்பெண் குறைவு. "கடேசிக் கணக்குக்கு நேரம் பத்தல, அவ்ளோதான்" என்றாய். மறுபடி எழுதவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அதே ஊதுபத்தி கம்பெனி, கடைசி வரை. நான் நிலம் அளக்கும் உத்தியோகத்துக்குப் போய், மைசூர் ஜில்லாவையே சங்கிலியில் கட்டி இழுத்தவன் போல மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன். என் பயம் விட்டுப்போனது நீ சுவரோரம் நின்ற அந்தப் பத்து நிமிடத்தில்தான், அக்கா. அவ்வளவு நேரமும் நான் ஒரு தடவைகூட உன் பக்கம் பார்க்கவில்லை.