தேத்தண்ணிக்குள் போட்ட காசு

13.7.1973, வெள்ளி

இன்று நித்திரை வராது. வராவிட்டால் போகட்டும்.

கொடிகாமத்துத் தேங்காய் வியாபாரி வழக்கம்போல் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக்கடைக்கு வந்தார். தேத்தண்ணி குடித்து முடித்ததும், எனக்குத் தரும் சந்தோசக் காசைக் கிளாசின் அடிமண்டிக்குள் போட்டுவிட்டுத்தான் அவர் எழும்புவார். மேசையில் வைக்கக்கூட மனம் வராது. நான் விரலை விட்டுத் துழாவுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவார்.

இன்று நான் துழாவவில்லை. கிளாசைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் வாசல்வரை போனேன். வெள்ளிக்கிழமை, மரக்கறிச் சாப்பாட்டுக்குக் கடை நிறைந்த சனம்.

"ஐயா, உங்கடை காசு தேத்தண்ணிக்குள்ளை விழுந்திட்டுது."

"விழேல்லை. நான்தான் போட்டனான். அது உனக்கு."

"எனக்கெண்டால் கையிலை தாங்கோ, ஐயா."

கையை நீட்டினேன். மடக்கவில்லை. அவர் எங்கள் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

முதலாளி இருந்த இடத்தை விட்டு அசையாமல், "குடுங்கோவன் அண்ணை. அவன்ரை கையாலை தந்த தேத்தண்ணியைத்தானே குடிச்சனீங்கள்," என்றார்.

சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வியாபாரி தன் விரலை விட்டுத் துழாவினார். வெள்ளைச் சட்டைக் கையெல்லாம் தேயிலைச் சாயம். காசை என் உள்ளங்கையில் வைத்தார். துடைக்கச் சொல்லி என் தோளில் கிடந்த துவாயை மரியாதையாக நீட்டினேன்.

இனி அவர் வருவாரோ, வராவிட்டால் முதலாளி என்ன சொல்வாரோ, தெரியாது. காசு தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இன்னும் தேயிலை மணக்கிறது. கழுவ மாட்டேன்.